சுண்ணாம்பு தடவாத கலயம்

பிரஸ்ஸல்ஸ் நகரில் 1900ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட கான்டியோன் என்னும் குடும்ப மதுச்சாலையில் பீருக்கு ஈஸ்ட் சேர்ப்பதில்லை. காய்ச்சிய தானியச் சாற்றை அகன்ற தொட்டியில் ஓரிரவு ஆறவிடுவார்கள். காற்றிலும் கட்டடத்திலும் வாழும் நுண்ணுயிர்கள் அதைப் புளிக்க வைக்கும். உலகம் இதை அருங்கலை என்று கொண்டாடுகிறது. சேலம், நாமக்கல் சமவெளியின் பனையேறிக் குடும்பங்களுக்கும் இக்கலை தெரிந்திருந்தது. பாளையைச் சீவிக் கலயம் கட்டுவர். உள்ளே சுண்ணாம்பு தடவினால் தெளுவு. தடவாவிட்டால் காற்றின் ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் சில மணி நேரத்தில் கள்ளாக்கிவிடும்.

பக்கத்துத் தகடூரை ஆண்ட அதியமான் மாய்ந்தபோது ஔவை பாடிய புறநானூற்றுக் கையறுநிலை, அவன் கள்ளைப் பகிர்ந்தளித்த பண்பிலிருந்தே தொடங்குகிறது. வள்ளுவரோ கள்ளுண்ணாமைக்குத் தனி அதிகாரமே வகுத்தார். இவ்விரு குரல்களுக்கும் நடுவில்தான் இந்நிலத்தின் வரலாறு நகர்ந்திருக்கிறது.

1921இல் கள்ளுக்கடை மறியலின்போது ஈ.வெ.ரா. சேலம் தாதம்பட்டியில் தமக்குரிய 500 தென்னைகளை வெட்டச் செய்தார். 1925இல் ராஜாஜி திருச்செங்கோடு அருகே காந்தி ஆசிரமம் நிறுவினார். அங்கிருந்து வெளியான 'விமோசனம்' என்னும் மதுவிலக்கு இதழில் கல்கி பணிபுரிந்தார். ராஜாஜி சென்னை மாகாணப் பிரதமரானதும், 1937 அக்டோபர் 1 அன்று மாகாணத்திலேயே முதலாவதாகச் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது. இன்றைய நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களும் அன்று அதற்குள் அடக்கம். இழந்த வருவாயை ஈடுகட்ட 1939இல் பொது விற்பனை வரி பிறந்தது.

குடியால் சிதைந்த வீடுகளுக்கு அச்சட்டம் ஆறுதல் அளித்தது என்பதை மறுக்க இயலாது. அரசு தன் இழப்புக்கு வரியைக் கண்டுகொண்டது. மரமேறிக்குக் கருப்பட்டி அடுப்பே மிஞ்சியது. 1971இல் மதுவிலக்கு தளர்ந்தது. 1973இல் கள்ளுக்கடைகள் மூடப்பட்டன. 1981இல் மீண்டும் திறந்து, 1987 தொடக்கத்தில் மறுபடி மூடினார்கள். அத்தடை இன்றும் நீடிக்கிறது. ஆலைச் சாராயத்தையோ 2003 முதல் அரசே சில்லறையாக விற்கிறது.

பெல்ஜியத்து பீர் மரப்பீப்பாயில் ஆண்டுக்கணக்கில் முதிரும். அதற்குப் புட்டி உண்டு, குடும்பப் பெயர் பொறித்த சீட்டு உண்டு. கள்ளோ மறுநாளே புளித்துக் கெடும். சேமிக்க முடியாததற்கு முத்திரை ஏது? மதுவிலக்கைப் பேசும் நம் நூல்கள் தலைவர்களின் பெயர்களைப் பத்திரமாக வைத்திருக்கின்றன. 1937இல் கலயத்தைக் கவிழ்த்து வைத்த ஒரு பனையேறியின் பெயரையாவது அவற்றில் தேடிப் பார்க்க வேண்டும்.