வெஸ்ட்ரி அலமாரியில் இருந்த யூஃபோனியம்



"மலருக்கு ஏதாவது எழுதுங்க அக்கா" என்று செயலாளர் தம்பி கேட்டார். சபை வரலாற்றை எழுத மூத்தவர்கள் இருக்கிறார்கள் என்று தட்டிக் கழித்தேன். "அப்படின்னா அந்தப் பெரிய குழலைப் பற்றி எழுதுங்க, வாங்கும் குழுவில் நீங்கதானே இருந்தீங்க" என்று பிடித்துக்கொண்டார்.

நான் நாகர்கோவில் பக்கத்துக்காரி. அங்கே வெகு காலத்துக்கு முன்பே இரட்சணிய சேனை வந்துவிட்டது. பித்தளை பேண்டு சத்தம் எங்கள் காதுக்குப் புதிதல்ல. இருபது வயதில் நர்சிங் படிக்க இங்கிலாந்து வந்தபோது, டிசம்பர் குளிரில் கடைத்தெருவில் நின்று வாசித்த பேண்டைக் கேட்டு அழுதுவிட்டேன். அதில் மனிதக் குரல் போல் பாடியது யூஃபோனியம் என்று பிறகுதான் தெரியும். கிரேக்க மொழியில் அந்தப் பெயருக்கு 'இனிய ஓசை' என்று பொருள்.

இதன் முன்னோர் ஆலயத்தில் பிறந்தவர் என்றால் பிள்ளைகள் சிரிப்பீர்கள். பெயர் சர்ப்பம்! 1590 வாக்கில் பிரான்ஸின் ஓசேர் நகரத்தில், பாடகர்களின் தாழ்குரலுக்குத் துணையாக, தோல் சுற்றிய மரக்குழலைப் பாம்பு போல வளைத்துச் செய்தார்கள் என்பது வழிவழியாகச் சொல்லப்படுவது. பிறகு சாவிகள் வைத்த ஆஃபிக்ளைடு வந்தது. வால்வு கண்டுபிடிக்கப்பட்ட பிறகு, 1843 வாக்கில், ஜெர்மனியின் வைமார் நகரத்தைச் சேர்ந்த சோமர் என்பவர் யூஃபோனியத்தை உருவாக்கியதாகப் பொதுவாகச் சொல்வார்கள்.

பிள்ளைகளே, இங்கே கொஞ்சம் கணக்கு. யூஃபோனியத்தின் குழாயை நிமிர்த்தினால் சுமார் 9 அடி, அதாவது 108 அங்குலம். முதல் வால்வை அழுத்தினால் காற்று இன்னும் 13 அங்குலம் சுற்றிப் போகும். சுரம் இரண்டு படி இறங்கும். மூன்றாவது வால்வு சுமார் 20 அங்குலம் சேர்த்து மூன்று படி இறக்கும். இரண்டையும் சேர்த்து அழுத்தினால் ஐந்து படி இறங்க வேண்டும். அதற்குத் தேவை 36 அங்குலம். கிடைப்பதோ முப்பத்து மூன்றரைதான். குழாய் போதாததால் சுரம் மேலே ஏறி நிற்கும். இது வாசிப்பவரின் குற்றமல்ல, குழாயின் குணம்.

இதற்கு மருந்து கண்டவர் லண்டன் பூசி நிறுவனத்தில் இருந்த டேவிட் பிளேக்லி. வால்வுகளைச் சேர்த்து அழுத்தும்போது மட்டும் காற்று இரண்டாம் முறை வால்வுகளுக்குள் நுழைந்து, விட்டுப்போன நீளத்தைச் சிறு குழாய்களில் பெறும்படி 1874இல் அமைத்தார். 'காம்பன்சேட்டிங்' என்பது இதுதான். இன்றைய நல்ல யூஃபோனியங்களில் மூன்று வால்வு வலது கைக்கு, நாலாவது பக்கவாட்டில் இடது கைக்கு. அடிப்படை அதே பிளேக்லி முறை.

நம் பழைய கருவிக்கு மூன்றே வால்வு, அந்த ஈடுகட்டும் குழாயும் இல்லை. நாம் கூடும் ஆலயத்தின் ஆங்கிலச் சபையார் அன்பாகக் கொடுத்தது. அதை வாசித்த அண்ணனை உங்களில் பலருக்கு நினைவிருக்கும். ஆர்கனோடு சேர்ந்தால் எப்போதும் சுருதி ஏறியே இருக்கும். "காது கொடுத்துக் கேளுங்க அண்ணே" என்று பாடகர் குழுவில் நானே சொல்லியிருக்கிறேன். இரண்டு கிறிஸ்துமஸ் பொறுத்தார். மூன்றாவது கிறிஸ்துமஸுக்குக் குழலைத் துடைத்து அலமாரியில் வைத்துவிட்டு, பின் வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டார்.

புதியது வாங்குமுன் பழையதை விற்கலாமா என்று ரிப்பேர்காரரிடம் கொண்டுபோனோம். அவர் ஒரு சுரம் ஊதிப் பார்த்துவிட்டு, "இது ஹை பிட்ச் கருவி" என்றார். பிரிட்டிஷ் பித்தளை பேண்டுகள் 1960களின் நடுப்பகுதி வரை 'ஏ' சுரத்தை ஏறத்தாழ 452 என்ற உயர்ந்த சுருதியில் வைத்திருந்தனவாம். நம் ஆர்கன் 440. வித்தியாசம் கிட்டத்தட்ட அரைப் படி. குழாய்க் கணக்கில் மூன்று அங்குலம். சுருதிக் குழாயை முழுக்க இழுத்தாலும் எட்டவில்லை. அண்ணனின் காதில் ஒரு குறையும் இல்லை. அன்று சாயங்காலமே அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். அக்கா டீ போட்டுத் தந்தார்கள். அவர் அதிகம் பேசவில்லை.

பிறகு கடையில் அவரையே ஊதிப் பார்க்கச் சொன்னோம். யமஹா 321இல் நாலு வால்வும் மேலேயே இருக்கின்றன, ஈடுகட்டும் குழாய் கிடையாது. விலை குறைவு, எடையும் குறைவு. 642 காம்பன்சேட்டிங் வகை. விலையைக் கேட்டுப் பொருளாளர் தண்ணீர் கேட்டார். புதியவற்றில் உட்குழாய் அகலம், நாதம் விரிந்து வரும், ஆனால் மூச்சும் கூடுதலாக வேண்டும். பழைய ஊதுவாய் அவற்றில் சரியாகப் பொருந்துவதுமில்லை, தண்டு மெலிந்தது. அண்ணன் 642இல் ஒரு கீர்த்தனையைத் தாழ்வாக வாசித்தார். கீழ்ச் சுரங்கள் அலையாமல் நின்றன. அதற்குப் பிறகு குழுவில் விவாதம் இல்லை. பயன்படுத்திய கருவி ஒன்றை வாங்கினோம்.

நர்ஸ் என்ற முறையில் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். குழலின் உள்ளே ஈரம் தங்கினால் பூஞ்சை வளரும். கழுவாத ட்ராம்போனால் பல வருடம் இருமிய ஒருவரைப் பற்றி 2010இல் மருத்துவ இதழில் படித்தேன். ஊதுவாயை யாரும் பகிர்ந்துகொள்ள வேண்டாம்; மாதம் ஒருமுறை வெதுவெதுப்பான நீரில் குழலைக் கழுவுங்கள்.

பழையதை விற்கவில்லை. தனியாக ஊதிப் பழக அதற்கு எந்தக் குறையும் இல்லை. ஞாயிறு ஆராதனைக்குப் பின் அண்ணன் வெஸ்ட்ரியில் இருப்பார். கற்க விரும்பும் பிள்ளைகள் அவரிடம் பெயர் கொடுக்கலாம்.