எந்த ஆபத்துக்கு எந்தக் கவசம்

கவச அங்கியின் தரநிலை கூடக்கூடப் பாதுகாப்பும் கூடும் என்றே பலரும் நம்புகிறார்கள். இலங்கையின் மட்டக்களப்பு மாவட்டத்துக் கல்குடாத் தொகுதி கண்ட யுத்தமும் அதற்குப் பின்வந்த ஆண்டுகளும் அந்த நம்பிக்கையை மறுக்கின்றன. இன்று உலகெங்கும் பேசப்படும் தரநிலைகள் 1972இல் ஐக்கிய அமெரிக்காவில், கைத்துப்பாக்கிக்குப் பலியாகிக்கொண்டிருந்த பொலிஸாருக்காக உருவாகத் தொடங்கியவை. 1965இல் ஸ்டெபனி குவாலெக் கண்டறிந்த கெவ்லார் இழை, சட்டைக்குள் அணியும் மெல்லிய அங்கியைச் சாத்தியமாக்கியது. அமெரிக்க நியமத்தின் பழைய எண் வரிசையில் அவ்வகை அங்கிகளுக்கு உச்சமான 'மூன்று ஏ' நிலை, செக்கனுக்கு 436 மீற்றர் வேகத்தில் வரும் பெரிய கைத்துப்பாக்கிச் சன்னத்தைத் தாங்கும். ஆனால் இங்கே இராணுவமும் விடுதலைப் புலிகளும் ஏந்தியது ரி-56 துவக்கு. அதன் கூரான சன்னம் 700 மீற்றருக்கும் மேலான வேகத்தில் பாயும். துணி அங்கி அதற்கு முன் நிற்காது. நெஞ்சிலும் முதுகிலும் கடினத் தட்டு வேண்டும். அது அதே வரிசையின் மூன்றாம், நான்காம் நிலைகளின் வேலை.

அப்படியானால் நான்காம் நிலையை எல்லோருக்கும் கொடுத்துவிட்டால் என்ன? நியாயமான கேள்விதான். இதற்கு விடை கல்குடாத் தொகுதியின் வாகரையில் இருக்கிறது. 2007 ஜனவரியில் இராணுவம் அதைக் கைப்பற்றிய பிறகு, மக்கள் திரும்பவேண்டிய மண்ணில் எஞ்சியிருந்த ஆபத்து மிதிவெடி. அதை அகற்றுபவருக்குச் சர்வதேச நியமம் கேட்கும் அங்கி துவக்குச் சன்னத்தைத் தடுக்காது. ஒரு கிராமுக்குச் சற்றே கூடிய உலோகத் துண்டு செக்கனுக்கு 450 மீற்றர் வேகத்தில் வந்தாலும் ஓரளவு தாங்கவேண்டும். 240 கிராம் ரிஎன்ரி 60 சென்ரிமீற்றர் தூரத்தில் வெடித்தால் உடலின் முன்புறத்தைக் காக்கவேண்டும். அமெரிக்க ஏணியில் இதற்கு இடமே இல்லை. ஆனாலும் முழந்தாளிட்டு மண்ணைக் கிளறுபவருக்கு இதுவே சரி. நெஞ்சளவுத் தட்டு அவருடைய தொண்டையையும் தொடையிடுக்கையும் திறந்தே விட்டுவிடும். கிழக்கின் வெயிலில் தட்டின் பாரத்தோடு களைத்த கையும் தவறும். முகத்தையும் கண்ணையும் காப்பது கண்ணாடி போன்ற முகக்கவசம். நீண்ட பிடியுள்ள கருவி தரும் தூரமும் கவசத்தின் ஒரு பகுதியே.

வாங்கும் அதிகாரிக்கு எளிய எண் தேவைதானே என்பார்கள். தேவைதான், ஆனால் எந்த ஆயுதத்துக்கு எதிராகச் சோதித்த எண் என்பதையும் அது சொல்லவேண்டும். 2023இல் அமெரிக்க நியமமே பழைய எண் வரிசையைக் கைவிட்டு, கைத்துப்பாக்கிக்கு இரண்டு நிலைகள், நீள் துவக்குக்கு மூன்று நிலைகள் என்று வகுத்துக்கொண்டது. மட்டக்களப்பு மாவட்டம் 2017இல் மிதிவெடி அற்றதாக அறிவிக்கப்பட்டது. அதுவரை விறகுக்கும் வயலுக்கும் போன வாகரை மக்களுக்கு எந்த நிலையிலும் ஓர் அங்கி இருக்கவில்லை. அவர்களைக் காத்தது, வேறொருவர் முன்கூட்டியே அணிந்த அந்த 'நிலை இல்லாத' அங்கிதான்.