பூட்டிய பெட்டிக்குள் ஒரு கணிப்பொறி

1863-ஆம் ஆண்டு கல்கத்தாவில் ஒரு நீராவிக் கொதிகலன் வெடித்துப் பலர் மாண்டனர். மறு ஆண்டே வங்காளத்தில் கொதிகலன்களைச் சோதிப்பதற்கான சட்ட முயற்சி தொடங்கியது. 1923-இல் நாடு முழுமைக்கும் பொதுவான கொதிகலன் சட்டம் இயற்றப்பட்டது. அதன்படி வழங்கப்பட்ட சான்றிதழ் பொதுவாக ஓராண்டுக்கு மேல் செல்லாது. ஆண்டு முடிந்ததும் நெருப்பை அணைத்து, கலனை ஆறவிட்டு, மூடியைத் திறந்து ஆய்வாளர் உள்ளே பார்த்தாக வேண்டும். மூடியே இருக்கவேண்டிய பொருளானாலும், குறித்த காலத்தில் அதை முறைப்படி திறந்து பார்ப்பதும் கடமை என்பதே அச்சட்டத்தின் உட்பொருள்.

வடசென்னை மக்களுக்குக் கொதிகலன் புதிய பொருளன்று. 1970-இல் இயங்கத் தொடங்கி, 2017 மார்ச்சு இறுதியில் மூடப்பட்ட எண்ணூர் அனல் மின் நிலையம் 450 மெகாவாட் திறன் உடையது. திருவொற்றியூரிலும் மணலியிலும் இருந்த ஆலைகள் பலவற்றில் நீராவியே உயிர்மூச்சாக இருந்தது. ஆண்டுப் பராமரிப்புக்காக ஆலை நிற்கும் நாட்களை இங்குள்ள குடும்பங்கள் நன்கறியும்.

அதே தெருக்களில் இன்று வேறு வகையான மூடிய பொறிகள் நிற்கின்றன. வங்கியின் பணம் வழங்கும் பொறி (ஏ.டி.எம்.), புறநகர் ரயில் நிலையத்தில் பயணச்சீட்டு வழங்கும் பொறி, 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை நீண்ட மெட்ரோ ரயிலின் சீட்டுப் பொறி ஆகியவை நாள்தோறும் நம் கண்ணில் படுபவை. இவற்றின் இரும்புக் கூட்டுக்குள் இருப்பது ஒரு கணிப்பொறி. அதற்கும் ஆண்டுப் பராமரிப்பு உண்டா? அதை யார் திறக்கிறார்கள்? எப்படித் திறக்கிறார்கள்? இக்கேள்விகளுக்கு விடை காண வேண்டுமானால் சிறிது வரலாறு பார்க்க வேண்டும்.

பூட்டு எதற்கு?

கணிப்பொறிக்கு இடும் ஆணைகளின் கோவையை நிரல் என்கிறோம். மற்ற நிரல்களையெல்லாம் தாங்கி நிற்கும் அடிப்படை நிரல் தொகுதிக்கு இயங்குதளம் என்று பெயர். கோடிக்கணக்கான வரிகள் கொண்ட இயங்குதளத்தில் பிழைகள் இல்லாமற் போகா. அப்பிழைகளில் சில, தீயோர் உள்ளே நுழையும் ஓட்டைகளாகிவிடுகின்றன. ஓட்டை தெரிய வந்ததும் அதை அடைக்கும் திருத்தத்தைத் தயாரித்தவர்களே வெளியிடுகிறார்கள். இதுவே புதுப்பிப்பு.

வீட்டுக் கணிப்பொறியில் உரிமையாளரே 'சரி' என்று அழுத்திப் புதுப்பித்துக் கொள்கிறார். பொதுக் கணிப்பொறியிலோ முன்னே நிற்பவர் உரிமையாளர் அல்லர். ஆகவே அவர் எதையும் மாற்ற முடியாதபடி பூட்டுகிறார்கள். 2000-ஆம் ஆண்டையொட்டித் தெருவுக்குத் தெரு இருந்த பிரவுசிங் சென்டர்கள் பலரின் நினைவில் இருக்கும். தேர்வு முடிவு பார்க்கவும், வேலைக்கு விண்ணப்பிக்கவும் இளைஞர்கள் அங்கேதான் சென்றனர். அத்தகைய இடங்களுக்கென்று ஒருவகைப் பூட்டு நிரல் வந்தது. நாள் முழுதும் யார் என்ன மாற்றினாலும், பொறியை அணைத்து மீண்டும் இயக்கியதும் அது பழைய நிலைக்கே திரும்பிவிடும். கரும்பலகையை அழிப்பது போலத்தான்!

ஆனால் இதில் ஒரு சிக்கல் உண்டு. புதுப்பிப்பும் ஒரு மாற்றமே. பகலில் பதித்த திருத்தமும், தீய நிரலோடு சேர்ந்து மறுநாள் அழிந்துவிடும். திருடனைத் தடுக்கும் பூட்டு தச்சனையும் தடுத்துவிடுகிறது. பூட்டிய பொதுக் கணிப்பொறிகளின் வரலாறு முழுவதும் இந்த ஒரு முடிச்சை அவிழ்க்கும் முயற்சி எனலாம்.

பணப்பொறி வந்த கதை

1967 ஜூன் 27 அன்று இலண்டனை அடுத்த என்ஃபீல்டு என்னும் இடத்தில் பார்க்ளேஸ் வங்கி ஒரு பணப்பொறியை நிறுவியது. அதை உருவாக்கிய ஜான் ஷெப்பர்டு பாரன் 1925-இல் நம் நாட்டு ஷில்லாங்கில் பிறந்தவர். அட்டை அப்போது வழக்கில் இல்லை. சிறிதளவு கதிரியக்கக் கார்பன் பூசிய காசோலையைப் பொறி அடையாளம் கண்டு பணம் தந்தது. இந்தியாவில் முதல் ஏ.டி.எம். 1987-இல் மும்பையில் எச்.எஸ்.பி.சி. வங்கியால் வைக்கப்பட்டது.

தொடக்க காலப் பொறிகள் சொன்ன ஒன்றைமட்டும் செய்பவை. பின்னர் அவற்றினுள் ஐ.பி.எம். நிறுவனத்தின் ஓ.எஸ்.2 என்ற இயங்குதளமும், அதற்குப் பின் மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் எக்ஸ்பி.யும் இடம் பெற்றன. மேசைமேல் இருக்கும் கணிப்பொறியின் வசதிகளெல்லாம் இதனால் கிடைத்தன; அதன் நோய்களும் கூடவே வந்தன.

2014 ஏப்ரல் 8-உடன் விண்டோஸ் எக்ஸ்பி.க்கான பொதுவான பராமரிப்பு முடிந்தது. அதாவது, புதிய ஓட்டை தெரிந்தாலும் அடைப்பதற்கு ஆள் இல்லை. பணப்பொறிகளோ பத்தாண்டுக்கு மேலும் உழைக்கும்படி வாங்கப்பட்டவை. வலுவான இரும்புப் பெட்டிக்குள் காலாவதியான மூளை இருந்தது. தூர இடங்களில் பல பொறிகள் செயற்கைக்கோள் வழித் தொடர்பில் மெல்லிய இழையாக இணைக்கப்பட்டிருந்தன. பெரிய புதுப்பிப்பை அவ்வழியே அனுப்புவது கடினம். பொறியாளர் குறுந்தகட்டுடன் நேரில் செல்ல வேண்டும். லட்சக்கணக்கான பொறிகளுக்கு இது நடக்கிற காரியமா?

மூன்று விபத்துகள், மூன்று பாடங்கள்

2017 மார்ச்சு 14 அன்று மைக்ரோசாஃப்ட் ஒரு முக்கியத் திருத்தத்தை வெளியிட்டது. மே 12 அன்று அதே ஓட்டையின் வழியாக 'வானாகிரை' என்ற தீநிரல் உலகைத் தாக்கியது. ஏறத்தாழ 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கணிப்பொறிகள் முடங்கின. பிரிட்டனில் மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பின. நமது பக்கத்து ஆந்திரத்தில் காவல் துறைக் கணிப்பொறிகள் சிலவும் பாதிக்கப்பட்டன. மருந்து கைக்கு வந்து ஏறத்தாழ 60 நாட்கள் ஆகியிருந்தும் பலர் உட்கொள்ளவில்லை. தாமதம் ஆபத்து என்பது முதல் பாடம்.

அடுத்த மாதமே, ஜூன் 27 அன்று, இன்னொரு தாக்குதல் வந்தது. 'நாட்பெட்யா' எனப்பட்ட அது உக்ரைன் நாட்டுக் கணக்கெழுதும் நிரல் ஒன்றின் தானியங்கிப் புதுப்பிப்பு வழியாகவே பரவியது. நோயைத் தடுக்கும் ஊசியிலேயே நஞ்சைக் கலந்தது போன்ற செயல் அது. டென்மார்க்கின் மெர்ஸ்க் கப்பல் நிறுவனம் நிலைகுலைந்தது. அக்குழுமம் நடத்திய, மும்பையை அடுத்த ஜவாஹர்லால் நேரு துறைமுகச் சரக்குப்பெட்டக முனையத்திலும் கணிப்பொறி வழி வேலை தடைப்பட்டது. எண்ணூர் விரைவுச் சாலையில் சென்னைத் துறைமுகத்தை நோக்கிப் பெட்டக லாரிகள் வரிசை கட்டி நிற்பதைக் கண்டவர்கள், ஒரு முனையம் நின்றால் என்ன ஆகும் என்பதை எளிதில் ஊகிப்பர். ஓட்டுநருக்கு நாள்கூலி போகும். ஆலைக்கு மூலப்பொருள் வராது. திருத்தம் செய்யும் பட்டறைக்கும் காவல் வேண்டும் என்பது இரண்டாம் பாடம்.

மூன்றாவது விபத்தில் தீயோர் எவரும் இல்லை. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு புதுப்பிப்பில் பிழை இருந்தது. ஏறக்குறைய 85 லட்சம் விண்டோஸ் கணிப்பொறிகள் நீலத்திரையுடன் நின்றுபோயின. இந்திய விமான நிலையங்களிலும் பயணிகளுக்குக் கையால் எழுதிய அனுமதிச் சீட்டுத் தர வேண்டியதாயிற்று. தவறு நேர்வது இயல்பு. அத்தவறு ஒரே வேளையில் எல்லாப் பொறிகளுக்கும் போய்ச் சேர்ந்ததே பெருங்கேடு. சோறு வெந்ததா என்று ஒரு பருக்கையைப் பதம் பார்த்தபின் பந்தி போட வேண்டும் என்பது மூன்றாம் பாடம்.

ரிசர்வ் வங்கியின் ஆணை

இனி நம் நாட்டுப் பணப்பொறிகளுக்கு வருவோம். 2016-இல், ஒரு பணப் பரிமாற்றச் சேவை நிறுவனத்தின் அமைப்பில் புகுந்த தீநிரலால், இந்தியாவில் சுமார் 32 லட்சம் பற்று அட்டைகள் ஐயத்துக்கு உள்ளாயின. எக்ஸ்பி இயங்குதளத்தில் ஓடும் பணப்பொறிகள் குறித்து 2017 ஏப்ரலிலேயே ரிசர்வ் வங்கி வங்கிகளை எச்சரித்தது. வேலை மெதுவாகவே நடந்தது. எனவே 2018 ஜூன் 21 அன்று கால வரையறையுடன் ஒரு சுற்றறிக்கை பிறந்தது.

2018 ஆகஸ்டுக்குள் செய்யவேண்டியவை: பொறி விழித்தெழும்போதே கடவுச்சொல் கேட்க வேண்டும், யு.எஸ்.பி. துளைகள் செயலிழக்க வேண்டும். புதிய திருத்தங்கள் பதிக்கப்பட வேண்டும். பராமரிப்பாளரின் உரிமை குறித்த நேரத்துக்கு மட்டுமே செல்ல வேண்டும். 2019 மார்ச்சுக்குள், அனுமதிப் பட்டியலில் உள்ள நிரல் மட்டுமே ஓடும்படி செய்ய வேண்டும். பராமரிப்பு உள்ள இயங்குதளத்துக்கு மாறுவது படிப்படியாக நிகழ வேண்டும்: 2018 செப்டம்பருக்குள் கால் பங்கு, டிசம்பருக்குள் அரைப் பங்கு, 2019 மார்ச்சுக்குள் முக்கால் பங்கு, ஜூனுக்குள் முழுவதும்.

இந்த ஆணையில் பூட்டும் திறவுகோலும் சேர்ந்தே இருப்பதைக் கவனிக்க வேண்டும். துளையை அடை என்கிறது. திருத்தத்தைப் பதி என்றும் சொல்கிறது. பராமரிப்பாளருக்குச் சாவி கொடு, ஆனால் நேரம் முடிந்ததும் அது செல்லாத சாவியாகட்டும் என்கிறது. கொதிகலன் சட்டத்தின் பேரப்பிள்ளை என்றே இதைச் சொல்லலாம்.

இரவில் நடப்பது என்ன?

நன்கு அமைந்த தானியங்கிப் புதுப்பிப்பு எப்படி நடைபெறுகிறது? முதலில் ஆய்வுக்கூடத்தில் ஒரே மாதிரியான பொறியில் திருத்தத்தைச் சோதிக்கிறார்கள். பிறகு சில பொறிகளுக்கு மட்டும் அனுப்பிக் காத்திருக்கிறார்கள். எல்லாம் சரியென்றால் மற்றவற்றுக்கும் தொகுதி தொகுதியாக அனுப்புகிறார்கள்.

மக்கள் நடமாட்டம் ஓய்ந்த இரவில், குறித்த நேரத்தில் பொறி மைய நிலையத்தைத் தொடர்பு கொள்கிறது. வந்த திருத்தத்தை உடனே நம்பிவிடுவதில்லை. ஒவ்வொரு நிரலிலிருந்தும் கணக்கிட்டு ஓர் எண்ணைப் பெறலாம். நிரலில் ஓர் எழுத்து மாறினாலும் எண் முற்றிலும் மாறிவிடும். இந்த எண்ணை நிரலின் கைரேகை எனலாம். அனுப்பியவர் தம் இரகசியச் சாவியால் அதற்கு மின்னணு முத்திரை இடுகிறார். பொறியிடம் உள்ள இணைச் சாவியால் அம்முத்திரையைச் சரிபார்க்கலாம். ஆனால் புதிதாக முத்திரையிட முடியாது. முத்திரை பொருந்தினால்தான் பூட்டுத் தளர்கிறது. திருத்தம் பதிந்தபின், பொறி சோதனையாக ஒருமுறை இயங்கி, மீண்டும் பூட்டிக்கொள்கிறது. சில அமைப்புகளில் பழைய நிரலின் படி தனியே காக்கப்படுகிறது. புதியது எழவில்லையென்றால் பொறி தானே பழையதற்குத் திரும்பும்.

எல்லாப் பொறிகளுக்கும் இது தேவையா என்று கேட்கலாம். நமது மின்னணு வாக்குப்பதிவுப் பொறி இதற்கு நேர்மாறானது. 1982-இல் கேரளத்தின் பரூர் தொகுதியில் அது முதலில் பயன்பட்டது. பெல் நிறுவனத்தில் அதன் வடிவமைப்பை மேற்பார்த்தவர்களுள் எழுத்தாளர் சுஜாதாவும் ஒருவர். அதன் நிரல் சில்லில் ஒருமுறைதான் எழுதப்படும், பிறகு மாற்ற இயலாது என்பது தேர்தல் ஆணையத்தின் விளக்கம். ஒரே வேலை செய்து, எந்த வலையமைப்பிலும் சேராத பொறிக்கு அது பொருந்தும். உலகோடு உறவாடிக்கொண்டே இருக்கும் பணப்பொறிக்குப் பொருந்தாது.

சாவி யாரிடம்?

மாதத்தின் முதல் தேதி. திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் ஒருவர் சம்பளப் பணம் எடுக்க நிற்கிறார். அரிசிக்கடைக் கடனும் பிள்ளையின் பள்ளிக் கட்டணமும் அந்தப் பணத்தை நம்பியிருக்கின்றன. பொறிக்குள் என்ன இருக்கிறது என்று அவரால் பார்க்க முடியாது, பார்க்கவும் கூடாது. ஆகவே பார்க்கும் கடமை வேறொருவருக்கு உரியது. அவர் தவறினால் இழப்பு வரிசையில் நிற்பவருக்கே.

2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10 பதிப்பின் பொதுவான பராமரிப்பும் முடிந்தது. தனி வகைப் பதிப்புகள் சிலவற்றுக்கு மட்டும் மேலும் சில ஆண்டுகள் உண்டு. எக்ஸ்பி எழுப்பிய கேள்வி மீண்டும் வாசலுக்கு வந்துவிட்டது. கொதிகலன் வெடித்தால் ஓசை கேட்கும். பழைய நிரலில் ஓட்டை விழுந்தால் ஓசை கேட்பதில்லை. ஆதலால்தான் வெடிக்குமுன் திறந்து பார்க்கும் சட்டமும் ஒழுங்கும் இங்கே இன்னும் அதிகமாகத் தேவைப்படுகின்றன.