மூழ்க வேண்டிய மணி

(நேரலையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

ஆக்லாந்தின் மேற்கே, கிளென் ஈடனில் இருந்து பேசுகிறேன். இங்கே இப்போது இரவு எட்டரை மணி. தமிழ்நாட்டில் மதியம் ஒரு மணி ஆகியிருக்கும். சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள் சாப்பிட்டபடியே கேட்கலாம்.

சில ஆண்டுகளுக்கு முன்பு இங்கே ஒரு பொங்கல் விழாவில் என்னைப் பேசச் சொன்னார்கள். "கேப்டன் குக் வருவதற்கு முன்பே தமிழன் நியூசிலாந்துக்கு வந்துவிட்டான், அவன் கொண்டுவந்த மணி சாட்சி" என்று முடித்தேன். நல்ல கைதட்டல். அந்த வாரமே இரவுப் பணியில் என்னுடன் இருந்த மாவோரி செவிலியர் ஒருவரிடம் அதைப் பெருமையாகச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்படியா? வந்தவர்கள் எங்கே போனார்கள்?" என்றார். என்னிடம் பதில் இல்லை. இன்றைய பேச்சு அந்தக் கேள்விக்காகத்தான்.

முதலில் நமக்குத் தெரிந்தது. வில்லியம் கொலென்சோ என்ற மிஷனரி 1834 கடைசியில் அச்சு இயந்திரத்தோடு நியூசிலாந்துக்கு வந்தார். அவரை அனுப்பியது, ரேனியஸ் ஐயரை இந்தியாவுக்கு அனுப்பிய அதே சர்ச் மிஷனரி சொசைட்டி. மாவோரி மொழிப் புதிய ஏற்பாட்டை 1837இல் அச்சிட்டவர் இவர். 1836 வாக்கில் வடக்கே ஃபங்கரே பக்கம் போனபோது, மாவோரிப் பெண்கள் ஒரு வெண்கலப் பாத்திரத்தில் உருளைக்கிழங்கு வேகவைப்பதைப் பார்த்தார். அது பாத்திரமல்ல, உடைந்த மணி. புயலில் சாய்ந்த ஒரு மரத்தின் வேரடியில் கிடைத்தது, சில தலைமுறைகளாக எங்களிடம் இருக்கிறது என்று அவர்கள் சொன்னார்கள். கொலென்சோ ஓர் இரும்புச் சட்டியைக் கொடுத்து அதை வாங்கிக்கொண்டார். இன்று அது வெலிங்டனில் தெ பாப்பா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உயரம் 13 சென்டிமீட்டர்தான். சுற்றிலும் பழைய வடிவத் தமிழ் எழுத்துகள். முகைதீன் பக்ஷ் உடைய கப்பலின் மணி என்பது அதன் பொருள். அந்தப் பெயர் உரிமையாளருடையதாக இருக்கலாம், கப்பலுடையதாகவும் இருக்கலாம். நாகூர், காயல்பட்டினம், கீழக்கரைக் கடலோடிகளை அறிந்தவர்களுக்கு முகைதீன் என்ற பெயர் புதிதல்ல.

சரி, மணி எப்படி வந்தது? ஆளில்லாமல் மிதந்து வந்த பாழ்கப்பலில் தொங்கிக்கொண்டு வந்தது என்று ஒரு கருத்து உண்டு. முதலில் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. வெண்கலம் மிதக்குமா?

நான் நர்சிங் டிப்ளமோ படித்த காலத்தில் ரத்ததான முகாமில் எனக்குக் கொடுத்த வேலை மயில்துத்தக் கரைசல். அதன் ஒப்படர்த்தி 1.053 இருக்கும்படி கலந்து வைத்திருப்பார்கள். கொடையாளியின் விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தை அதில் விடுவோம். சொட்டு பதினைந்து விநாடிக்குள் மூழ்கினால் ஹீமோகுளோபின் 12.5 கிராமுக்குக் குறையவில்லை என்று அர்த்தம்; ரத்தம் எடுக்கலாம். மிதந்தால், "கீரை சாப்பிட்டுவிட்டு அப்புறம் வாங்க" என்போம். மூழ்குவதும் மிதப்பதும் பொருளின் எடையைப் பொறுத்ததல்ல, அடர்த்தியைப் பொறுத்தது என்பதை நான் புரிந்துகொண்டது அங்கேதான். எந்தப் பொருளும் தான் ஒதுக்கித் தள்ளும் திரவத்தின் எடை அளவுக்கு மேல்நோக்கித் தாங்கப்படுகிறது. இது ஆர்க்கிமிடீஸ் சொன்னது.

இதைக் கப்பலுக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கன மீட்டர் கடல்நீர் சுமார் 1,025 கிலோ. வெண்கலம் எட்டாயிரம் கிலோவுக்கு மேல். தனியாக விழுந்தால் நேராக அடிக்குப் போகும். உலர்ந்த தேக்கோ சுமார் 650 கிலோ. அதாவது நீருக்குள் முழுதாக அமிழ்ந்த ஒரு கன மீட்டர் தேக்கு, தன்னைத் தவிர இன்னும் 375 கிலோவைத் தாங்கும். சில கிலோ மணி அதற்கு ஒரு பாரமே அல்ல.

இரும்புக் கப்பலில் நீர் புகுந்தால் முழுகிவிடும். உள்ளே இருக்கும் காற்றுதான் அதை மிதக்கவைக்கிறது. நீர்மட்டத்துக்கு இரண்டு மீட்டர் கீழே ஓட்டை விழுந்தால் அங்கே கடலின் கூடுதல் அழுத்தம் சுமார் 150 மில்லிமீட்டர் பாதரசம். மாத்திரை எழுதிக் கொடுக்கவேண்டிய ரத்த அழுத்தம் அது. நொடிக்கு ஆறு மீட்டர் வேகத்தில் தண்ணீர் உள்ளே பாயும். மரக்கப்பலின் கதை வேறு. அதை அடிக்கு இழுப்பவை, சாயாமலிருக்க அடித்தட்டில் போடும் கற்பாரம், நங்கூரம், சரக்கு. உடல் பிளந்து அவை கொட்டிவிட்டால், மிச்ச மரம் தண்ணீரோடு தண்ணீராகப் பாதி அமிழ்ந்தபடி மாதக்கணக்கில் மிதக்கும். இந்தியப் பெருங்கடலின் தெற்கே போய்விட்டால், மேலைக்காற்றும் நீரோட்டமும் அதைக் கிழக்கே, நியூசிலாந்தின் திசையில் தள்ளும். மரம் நீரை உறிஞ்சி உறிஞ்சிக் கனத்துப்போவதற்குள் கரை தட்டவேண்டும், அவ்வளவுதான். ஆக, நான் சிரித்த கருத்தை இயற்பியல் தடுக்கவில்லை.

இன்னொரு வழியும் உண்டு. 1769 ஜூனில் புதுச்சேரியிலிருந்து செயின்ட் ழான் பாப்டிஸ்ட் என்ற கப்பல் சுர்வில் தலைமையில் புறப்பட்டது. அதே டிசம்பரில், மாலுமிகள் ஸ்கர்வி நோயில் செத்துக்கொண்டிருந்த நிலையில், நியூசிலாந்தின் வடகோடியில் டவுட்லெஸ் விரிகுடாவில் நங்கூரமிட்டது. அதில் இந்தியக் கடலோடிகளும் இருந்தார்கள். புயலில் நங்கூரங்களை அங்கேயே இழந்தது. இரும்பு அல்லவா? 1974இல் முக்குளிப்பவர்கள் கண்டெடுக்கும்வரை இருநூறு ஆண்டுகளுக்கு மேல் விழுந்த இடத்திலேயே கிடந்தது. நம் மணி அந்தக் கப்பலில் வந்தது என்பதற்குச் சான்று இல்லை. அதில் இருப்பது வேறு கப்பலின் பெயர். ஆனால் பழைய மணி கை மாறுவது அதிசயமில்லை. 1769க்கும் 1836க்கும் இடையே 67 ஆண்டுகள், இரண்டு மூன்று தலைமுறை. "சில தலைமுறைகளாக" என்ற பேச்சுக்கு அதுவும் பொருந்துகிறது.

மயில்துத்தச் சொட்டு ஒரே ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்லும். இந்த ரத்தம் கரைசலைவிடக் கனமா என்பதற்கு. ஏன் ரத்தசோகை, கொடையாளி யார் என்றெல்லாம் அது சொல்லாது. மணியும் அப்படித்தான். தமிழ் எழுதத் தெரிந்த ஒரு கைக்கு, கப்பல் வைத்திருந்த ஒரு முஸ்லிம் குடும்பத்துக்கு அது சாட்சி. தமிழர் இந்தக் கரையில் கால்வைத்தார்கள் என்பதற்குச் சாட்சி அல்ல. மரம் மிதந்து வந்திருந்தால் ஆட்கள் வரவேயில்லை. அவர்கள் வழியிலேயே, பெயர் தெரியாத ஏதோ ஒரு கடலில் போய்விட்டார்கள்.

இதை அந்த மாவோரித் தோழியிடம் பிறகு சொன்னேன். சற்றுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "பாவம், வீட்டில் காத்திருந்திருப்பார்களே" என்றார். எனக்குச் சுருக்கென்றது. மணியை வைத்து நாங்கள்தான் முந்தி என்று மேடையில் பேசிய நான், அதன் கப்பலாட்களுக்காக ஒரு நிமிஷம் வருந்தியதில்லை. அதைச் செய்தவர், அந்த மணியைத் தலைமுறைகளாகக் காப்பாற்றி வைத்திருந்த மக்களில் ஒருவர்.

அடுத்த பொங்கலுக்கு மறுபடி கூப்பிட்டால் இதையே பேசுவேன். கைதட்டல் குறையலாம். கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.