பேரண்டத்துக்குப் பிறந்தநாள் உண்டா?

'பிக் பேங்'னு பேர் வச்சதே அதை ஏத்துக்காத ஃபிரெட் ஹாயில்தான். 1949-ல, பிபிசி வானொலியில.

ஏன் ஏத்துக்கல? ஒரு காரணம் வயசு. அப்போதைய கணக்குல பேரண்டத்துக்குச் சுமார் 200 கோடி வருஷம். பூமியோட பாறைகள் அதைவிடப் பழசு. பிள்ளை தாயைவிட மூத்ததா?

ஹாயில் தரப்பு சொன்ன மாற்று: பேரண்டம் விரியுது, ஆனா தொடக்கமே இல்ல. பிள்ளையார்பாளையத்துத் தறியை நினைச்சுக்கோங்க. சேலை நீள நீளப் புது ஊடை சேருது. நெசவோட நெருக்கம் மாறல. அதே மாதிரி, விரியிற வெளியில புதுசா பொருள் பிறக்குமாம்.

கோலாப்பூர்ல பிறந்து, கேம்பிரிட்ஜ்ல ஹாயிலோட மாணவரான ஜெயந்த் நார்லிகரும் இந்தக் கட்சிதான். 1965-ல பென்சியாஸும் வில்சனும் அறிவிச்ச நுண்ணலைக் கதிர்வீச்சு, எதிர்க்கட்சிக்கு வலுவான சாட்சியாச்சு. தூரங்களைத் திருத்தி அளந்ததுல வயசும் கூடிடுச்சு. இன்னைக்குச் சுமார் 1,380 கோடி வருஷம்.

நார்லிகர் விடல. 1993-ல ஹாயில், பர்பிட்ஜோட சேர்ந்து திருத்தின கொள்கையோட வந்தார். ஆனா அவர் புனேயில 1988-ல தொடங்கின ஐயூகா ஆய்வு மையத்துல பிக் பேங் ஆட்களும் தாராளமா வேலை பார்த்தாங்க. வாதத்துல தோத்தவர், வாதம் நடக்க இடம் கட்டிட்டுப் போனார்.