வேலைவாய்ப்பில் பாகுபாடு: செங்கல்பட்டு அறிக்கை முதல் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டை வரை

திருவள்ளூர் மாவட்டம் 1997-இல் உருவானது. அதற்கு முன்னர் திருவள்ளூர், பொன்னேரி, கும்மிடிப்பூண்டி ஆகிய பகுதிகள் செங்கல்பட்டு மாவட்டத்தில் அடங்கியிருந்தன. தமிழகத்தில் நிலமற்ற உழைப்பாளரின் நிலையைப் பற்றி எழுந்த முக்கியமான அரசாங்க அறிக்கைகளுள் ஒன்று இம்மாவட்டத்தைப் பற்றியதே. இன்று அம்மண்ணின் வடபகுதியில் சிப்காட் தொழிற்பேட்டையின் ஆலைகள் நிற்கின்றன. வயலிலிருந்து ஆலை வரையிலான இவ்வரலாற்றில் இரு வினாக்கள் பின்னிக் கிடக்கின்றன. உழைப்பாளியின் கட்டைச் சட்டம் அவிழ்த்ததா என்பது ஒன்று. யாரை வேலைக்கு அமர்த்துவது என்னும் முதலாளியின் விருப்பத்தைச் சட்டம் நெறிப்படுத்தியதா என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் பிரித்து நோக்குதல் நலம்.

1. படியாளும் சட்டமும்

1843-ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம், அடிமையின்மீது ஒருவன் கோரும் உரிமையை நீதிமன்றங்கள் ஏற்கலாகாது என விதித்தது. 1860-இன் இந்தியத் தண்டனைச் சட்டம் அடிமை வாணிபத்தைக் குற்றமாக்கியது. ஆயினும் அடிமை என்னும் பெயர் மறைந்த இடத்தில் கடன் வந்து நின்றது. சிறு தொகை கடன் பெற்ற படியாள் அதைத் தீர்க்க வழியின்றி ஒரே மிராசுதாரிடம் தலைமுறை தலைமுறையாக உழைத்தான். முன்பணம் பெற்றபின் வேலையை விட்டு விலகும் தொழிலாளியைத் தண்டிக்க வழிசெய்த 1859-ஆம் ஆண்டுச் சட்டமோ 1925-இல்தான் நீக்கப்பட்டது. ஒரு கையால் விடுதலை தந்த அரசு மறு கையால் கட்டியது எனலாம்.

1891-இல் செங்கல்பட்டின் பொறுப்புக் கலெக்டராயிருந்த டிரமன்ஹீர், அம்மாவட்டப் பறையர் நிலைபற்றி விரிவானதோர் குறிப்பை அரசுக்கு அனுப்பினார். சேரிக் குடிசைகள் நின்ற மனையும் மிராசுதாரரின் உரிமைக்குட்பட்டதாகக் கருதப்பட்டமையால், கூலி உயர்வு கேட்பவன் வீட்டையும் இழக்க நேரும் என்பதை அவர் கண்டார். குடியிருப்பு மனை, விளைநிலம், கல்வி ஆகியவையே விடுதலைக்கு வழி என்று பரிந்துரைத்தார். 1892-இல் வெளிவந்த 1010-ஆம் எண் அரசாணையின்வழி, தாழ்த்தப்பட்டோருக்குத் தரிசு நிலம் ஒதுக்கும் திட்டம் தொடங்கியது. பிற்காலத்தில் இவை பஞ்சமி நிலங்கள் எனப்பட்டன. திருவள்ளூர் வட்டாரத்தில் பணியாற்றிய வெஸ்லியன் மிஷனெரி வில்லியம் கௌடியும், செங்கல்பட்டில் பணியாற்றிய ஸ்காட்லாந்து சுயாதீன சபையின் ஆடம் ஆண்ட்ரூவும் இந்நிலக் கோரிக்கைக்காக எழுதியும் வாதாடியும் வந்தனர். வேறு பிழைப்பு இல்லாதவனுக்குச் சட்டம் தரும் விடுதலை ஏட்டளவில் நின்றுவிடும் என்பதே இவர்கள் அனைவரும் கண்ட உண்மை.

கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976-இல் இயற்றப்பட்டு, அத்தகைய கடன்கள் அனைத்தும் அழிந்தனவாக அறிவிக்கப்பட்டன. எனினும் 2011-இல் திருவள்ளூர் மாவட்டத்துச் செங்கற்சூளை ஒன்றிலிருந்து 500-க்கும் மேற்பட்ட ஒடிசாத் தொழிலாளர் மீட்கப்பட்டனர். முன்பணம் என்னும் பழைய கயிறு புதிய மொழி பேசுவோரையும் கட்டியிருந்தது.

2. ஆலையின் வாசல்

1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 16-ஆம் பிரிவு, சமயம், இனம், சாதி, பால், பிறப்பிடம் முதலியவற்றின் பேரில் வேலையில் பாகுபாடு காட்டலாகாது என்கிறது. ஆனால் அது அரசுப் பணிகளுக்கே பொருந்தும். வேலை, தொழில் ஆகியவற்றில் பாகுபாட்டை நீக்கும்படி பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1958-இல் நிறைவேற்றிய 111-ஆம் உடன்படிக்கையை இந்தியா 1960-இல் ஏற்றது. அமெரிக்கா 1964-இன் குடியுரிமைச் சட்டத்தால் தனியார் முதலாளிகளையும் இக்கடமைக்கு உட்படுத்தியது. தனியார் வேலையில் சாதிப் பாகுபாட்டை முழுமையாகத் தடுக்கும் அத்தகைய பொதுச் சட்டம் இந்தியாவில் இல்லை. 1976-இல் திருத்தப்பட்ட குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம், தீண்டாமை காரணமாக வேலையில் தடை விதிப்பதைக் குற்றமாக்கியது. ஆனால் வேலை மறுப்பவன் காரணம் கூறக் கடமைப்பட்டவனல்லன். கூறாத காரணத்தை மெய்ப்பிப்பது எளிதன்று.

சுகதேவ் தோரட், பால் அட்டவெல் ஆகியோர் 2007-இல் வெளியிட்ட ஆய்வு இதனைப் புலப்படுத்துகிறது. தனியார் நிறுவனங்களின் 548 விளம்பரங்களுக்கு 4,808 விண்ணப்பங்கள் அனுப்பப்பட்டன. ஒத்த தகுதியிருந்தும், தலித் பெயர் தாங்கிய விண்ணப்பத்திற்கு அழைப்பு வரும் வாய்ப்பு உயர்சாதிப் பெயருக்குரியதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்காகவும், முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்காகவும் இருந்தது. இவை படித்தோர்க்கான வேலைகள். தொழிற்பேட்டைகளில் ஒப்பந்தக்காரர் ஆள் திரட்டும் வேலைகளுக்கோ விளம்பரமும் இல்லை, விண்ணப்பமும் இல்லை. ஆகவே மறுப்புக்கு ஏட்டுச் சான்றும் இல்லை.

3. கிறிஸ்தவரின் இரட்டை இழப்பு

1950-இன் பட்டியல் சாதிகள் ஆணை, இந்துக்கள் அல்லாதாரை விலக்கியது. 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர், கிறிஸ்தவர் சேர்க்கப்படவில்லை. செருப்புத் தைப்போருக்கு அரசு இலவசமாக அளித்த சாலையோரக் கடை, கிறிஸ்தவர் என்பதால் சென்னைத் தொழிலாளி சூசைக்கு மறுக்கப்பட்டது. 1985-இல் உச்சநீதிமன்றம் அவரது மனுவைத் தள்ளியது. மதம் மாறியபின்னும் பழைய இழிவு அதே கடுமையுடன் தொடர்கிறது என்பதற்குப் போதிய சான்று இல்லை என்பது தீர்ப்பின் சாரம். இவ்விலக்கு இட ஒதுக்கீட்டோடு நிற்பதில்லை. பட்டியல் சாதியினர்மீது இழைக்கப்படும் குற்றம் தீண்டாமையால் நேர்ந்தது என நீதிமன்றம் அனுமானிக்கவேண்டும் என்னும் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்ட விதியின் பயனையும் தலித் கிறிஸ்தவர் இழக்கின்றனர். ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007-இல் இவ்விலக்கை நீக்கப் பரிந்துரைத்தது. எனினும் 2022-இல் அதே வினாவை ஆராய இன்னோர் ஆணையம் அமைக்கப்பட்டது.

4. திருச்சபையும் ஒரு முதலாளியே

இந்நீதியைக் கோரும் திருச்சபை தன் வாசலையும் நோக்கவேண்டும். பள்ளிகளும் கல்லூரிகளும் மருத்துவமனைகளும் நடத்தும் நாம் பலருக்கு வேலை கொடுப்போர். 30-ஆம் பிரிவு தரும் சிறுபான்மை உரிமையால், அரசின் இட ஒதுக்கீட்டு விதிகள் நம் கல்வி நிலைய நியமனங்களைக் கட்டுவதில்லை. ஆகவே கும்மிடிப்பூண்டி ஆலைக்குரிய கேள்வி நமக்கும் உரியது: காரணம் கூறாமல் தெரிவு செய்யும் உரிமையை நாம் எவ்வாறு பயன்படுத்துகிறோம்? காலியிடங்களைச் சபைகளெங்கும் அறிவித்தல், தகுதிகளை முன்கூட்டியே வெளியிடுதல், நியமனம் பெற்றோர் எப்பின்னணியினர் என ஆண்டுதோறும் பேராய மன்றங்களில் கணக்களித்தல் ஆகிய மூன்றையும் செய்ய எந்தச் சட்டமும் நம்மைத் தடுக்கவில்லை. கௌடியும் ஆண்ட்ரூவும் அரசை நோக்கி எழுப்பிய கோரிக்கையை நாம் நம்மை நோக்கி எழுப்பினால், அரசிடம் நாம் வைக்கும் வாதமும் வலிமை பெறும்.