தீவகத்துப் பெயர்களும் பதிவேடுகளும்

தீவகத்து ஊர்ப்பெயர்களின் வரலாறு, அவற்றைப் பதிந்துவைத்தோரின் வரலாறுமாகும். நயினாதீவிலுள்ள முதலாம் பராக்கிரமபாகுவின் (1153–1186) கல்வெட்டு 'ஊராத்துறை' என்னும் துறையைக் குறிப்பிடுகிறது. யானை, குதிரை ஏற்றிவந்த மரக்கலம் உடைந்தால் காற்பங்கும், வாணிகக் கலமாயின் அரைப்பங்கும் அரசுக்குரியன என விதித்த அச்சாசனம் தமிழிலேயே பொறிக்கப்பட்டமை நோக்கத்தக்கது. சிங்கள மன்னனாயினும், துறையில் வழங்கிய மொழியையே ஏட்டு மொழியாகக் கொண்டான்.

பின்வந்தோர் அவ்வாறு செய்திலர். ஊர்காவற்றுறைக்கு வழங்கும் 'கயிற்ஸ்', இறங்குதுறையைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல்லின் வழிவந்ததாகக் கொள்ளப்படுகிறது. 1658 இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் தம் நகரப் பெயர்களையே தீவுகளுக்குச் சூட்டினர். நயினாதீவு ஹார்லெம் ஆயிற்று. புங்குடுதீவு மிடில்பேர்க் ஆயிற்று. நெடுந்தீவின் 'டெல்ப்ற்' மட்டும் ஆங்கில ஆவணங்களில் இன்றும் நிலைத்துள்ளது.

கணினியும் ஒரு பதிவேடே. இலங்கையில் பெருவழக்காயிருந்த பாமினி எழுத்துருவில் 'நெடுந்தீவு' என எழுதினால், கோப்பில் விழுவன எட்டு ஆங்கிலக் குறிகளேயாம். தமிழ் வடிவம் திரையில் மட்டுமே உண்டு. அங்கு ஒற்றைக்கொம்பு முன்னும் நகரம் பின்னுமாக நிற்கும். 1991 இல் வெளிவந்த யூனிக்கோட்டிலோ நகரம் முன், கொம்பு பின். ஆகவே ஒன்றில் தேடுவோருக்கு மற்றதிலுள்ள ஊர் அகப்படாது. போரினால் ஊர்விட்டுப் போனோர் தம் ஊர் ஆவணங்களைத் தேடும் சூழலில் இது வெறும் தொழில்நுட்பச் சிக்கலன்று.

யூனிக்கோட்டோடும் சிக்கல் தீர்ந்ததில்லை. யூ.ரி.எப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைற் கொள்ளும். போஸ்ற்கிறெஸ் என்னும் தரவுத்தள மென்பொருள், இயல்பு அமைப்பில், தரவுத்தளப் பெயருக்கு 63 பைற் மட்டுமே தருகிறது. ஆங்கிலத்துக்கு 63 எழுத்து. தமிழுக்கு 21 குறியீடு, அவற்றிலும் புள்ளியும் கொம்பும் தனித்தனியே எண்ணப்படும். 'நெடுந்தீவு_புங்குடுதீவு' என நாம் பெயரிட்டால் 67 பைற் ஆகிறது. மிகுதி வெட்டப்பட்டு 'நெடுந்தீவு_புங்குடுதீ' என நிற்கும். தீவு தீயாகிவிடுகிறது!

இதனாற்போலும் பலர் தரவுத்தளத்துக்கு ஆங்கிலப் பெயரிட்டுத் தமிழை உள்ளே வைக்கின்றனர். வசதியான வழியே, ஆனால் அவ்வாங்கிலப் பெயர் பெரும்பாலும் 'டெல்ப்ற்' என்றே அமைகிறது.